உப்பும் கரியும்

கேட்டுக்கு வெளியவே நில்லு தாயி, கோவிச்சுக்காத. முதல்ல கார்டைக் காட்டு. ரெஜினா மேரி... இந்தப் படத்துல இருக்கிறது நீதானா? இதுல மூஞ்சி உப்பலா இருக்கே. காய்ச்சல் கீய்ச்சல் வந்து இளைச்சிட்டியா? யாரு கண்டா, இந்தக் காலத்துல சிலிண்டர் பாக்க வந்தேன்னு சொல்லிக்கிட்டு உள்ள வந்து சங்கிலியை அத்துக்கிட்டுப் போறாக. சரி, வா. செருப்பை வெளிய விட்டுட்டு வா.

கழட்ட மாட்டியா? வேலை முடியிற வரைக்கும் பூட்சு கால்ல இருந்தாகணுமா? யாரு போட்ட சட்டம் அது? சரி, சாமி ரூம் பக்கம் மட்டும் போயிராத. என் காலை என்னத்தப் பாக்குற? எனக்குக் குதிகால் வாதம். வீட்டுக்குள்ளயும் ரப்பர் செருப்பு போட்டே ஆகணும்னு டாக்டரு கண்டிசனாச் சொல்லிட்டாரு. கட்டில்ல ஏறுறப்பதான் கழட்டுவேன். குளிக்கிறதுக்குக்கூட ஒரு ஜோடி தனியாக் கிடக்கு. நோக்காடு வந்தவளைச் சாமி மன்னிக்கும். வீட்டுல எல்லாரும் போட்டுத் திரிஞ்சா லட்சுமி நிப்பாளா?

இப்ப ஒரு உண்மையைச் சொல்லு. உன்னை அனுப்புனது என் மகன் கதிரேசனா, மருமக மேகலாவா? மகன்தானா? நீ எங்க படிச்ச? பாலிடெக்னிக்கா? மேகலாவும் இந்தத் திண்டுக்கல்லுலதான் படிச்சா. ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸுல போயி வந்திருப்பீகளோ என்னமோ. தெரியாதுங்கிற. சரி, தெரியாதுன்னே வச்சுக்குவோம். வெளுத்ததெல்லாம் பாலுன்னு நம்புற ஆளு நான் இல்ல, அவ்வளவுதான்.

கரண்டு வேலைக்கு லைசென்ஸுன்னு ஒண்ணு இருக்குன்னே இன்னைக்குத்தான் கேள்விப்படுறேன். எங்க வீரணனுக்கு அதெல்லாம் கிடையாது. குழாய் ஒழுகுனாலும் அவன்தான், ஃபேன் சுத்தலைன்னாலும் அவன்தான், தேங்கா பறிக்கவும் அவன்தான். கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருவான். உன்னை மாதிரி பை நிறைய மெஷினைத் தூக்கிக்கிட்டு வர மாட்டான். ஒரு ஸ்க்ரூ டிரைவரு, ஒரு கட்டிங் பிளேயரு. வாயில பீடி. முடிஞ்சது சோலி.

என்ன குழி? எர்த் குழியா? அப்படி ஒரு குழி எனக்குத் தெரியாது தாயி. இந்த வீட்டுல குழின்னா அது கக்கூஸ் குழி ஒண்ணுதான். மெயின் போர்டா? அந்தா, கதவுக்குப் பின்னாடி இருக்கு பாரு. சந்தனமும் குங்குமமுமா இருக்கேன்னு மலைக்காத, ஆயுத பூசைக்கு வருசா வருசம் வைக்கிறது. எங்க வீட்டுக்காரரு இருந்தப்ப மெயினை அணைச்சிட்டுத்தான் வைக்க விடுவாக. ஸ்பின்னிங் மில்லுல ஃபிட்டரா இருந்தவுக. எல்லாத்துக்கும் பயம், எல்லாத்துக்கும் ஒரு முறை.

அவுக போயி அஞ்சு வருசமாச்சு. நாளைக்குத் திதி. அதுக்குத்தான் இத்தனை அவசரமும். மகன் ஓசூர்ல கம்பெனியில இருக்கான், ராத்திரி பஸ் ஏறி வந்துருவான். மேகலா எங்கூடத்தான் இருந்தா, பேத்தி இனியாவோட. போன மாசம் புள்ளையைத் தூக்கிக்கிட்டு நத்தத்துல அவ அம்மா வீட்டுக்குப் போனவதான். மாமனார் திதிக்கு வந்து விளக்குக்கு எண்ணெய் ஊத்தலைன்னா ஊரு என்ன சொல்லும்னு நேத்து போன்ல ஒரு பிடி பிடிச்சேன். அதுக்கு அவ என்ன சொல்றா தெரியுமா? "வீட்டை முறையா ஒருத்தர் வந்து செக் பண்ணாம வாசப்படி மிதிக்க மாட்டேன் அத்தை." வீட்டைச் செக் பண்ணணுமாம்! ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். பொண்டாட்டி பேச்சைக் கேட்டுக்கிட்டு மகன் உன்னை அனுப்புறான், நீ வர்றேன்னதும் அவ சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்புறேங்கிறா.

சோழியன் குடுமி சும்மா ஆடுமா? எனக்குத் தெரியும் தாயி. இந்த வீடு ஆபத்துன்னு உன் வாயில இருந்து ஒரு வார்த்தை வந்தாப் போதும். அதைப் பிடிச்சுக்கிட்டு ஓசூருக்குப் பெட்டியைக் கட்டிருவா. தனிக்குடித்தனம். அப்புறம் நான் இந்தச் சுவத்தோட பேசிக்கிட்டுக் கிடக்க வேண்டியதுதான். கண்ணு மூடுறப்ப ஒரு வாய் தண்ணி ஊத்த ஆளிருக்காது. அதான் சொல்றேன், நீ பாரு, வேண்டாங்கல. ஆனா நோய் கம்பியில இல்ல. அது எங்க இருந்து வந்துச்சுன்னு நான் சொல்றதைக் கேட்டுட்டுப் பாரு. கேக்குறியா? கையில வேலையைச் செய்யி, காதை இங்கிட்டுக் குடு.

அந்தக் காம்பவுண்டுச் சுவருக்கு அங்கிட்டு இருக்குல்ல பச்சைக் கலர் வீடு, அது என் ஓரகத்தி சிந்தாமணி வீடு. அண்ணனும் தம்பியும் ஒரே மனையை ரெண்டாப் பிரிச்சு ஒரே கொத்தனாரை வச்சுக் கட்டுனாக. அவ புருசன்தான் தம்பி, அவரும் இப்ப இல்ல. அவளோட நான் பேசிப் பல வருசமாச்சு. ஏன்னு கேளு.

இந்தா இந்த ஈசானிய மூலை இருக்குல்ல, இப்ப துளசி மாடம் நிக்கிற இடம். அப்ப அது வெறுந்தரை. செடியும் கிடையாது, கொடியும் கிடையாது. வெயில் காலம் வந்துட்டா எங்க வீட்டுக்காரரு ஒரு வாளித் தண்ணியைத் தூக்கிக்கிட்டு அங்க போவாக. ஊத்துவாக. ஊத்திட்டு நின்னு பாத்துக்கிட்டே இருப்பாக. அந்த நேரத்துக்குச் சுவருக்கு அங்கிட்டு யாரு நிப்பா? சிந்தாமணி. துணி காயப்போட. ஒரு நாளு, ரெண்டு நாளுன்னா விடலாம். குடிக்கத் தண்ணி லாரிக்கு அடிச்சுக்கிட்டுக் கிடக்குற ஊருல, வருசா வருசம் கோடையில வெறுந்தரைக்குத் தண்ணி ஊத்துற ஆம்பளையை நீ எங்கயாச்சும் பாத்திருக்கியா?

கேட்டேன். கேக்காம இருப்பேனா? "அங்க என்னய்யா முளைச்சுக் கிடக்கு, தண்ணி ஊத்துறீக"ன்னேன். அவுக சிரிச்சாக. "இதுக்குத் தாகம் எடுத்தா நமக்கு ஆகாது தனம்"னாக. தனபாக்கியம்ங்கிற என் பேரை அப்படித்தான் சுருக்கிக் கூப்பிடுவாக. எதுக்குத் தாகம்? யாருக்குத் தாகம்? நேரா ஒரு பதில் வராது அவுக வாயில. கொழுக்கட்டை வச்ச மாதிரி நிப்பாக. நான் ஒப்பாரி வச்சு, தெருவுக்கே தெரியிற மாதிரி சிந்தாமணியை நாலு கேள்வி கேட்டுப்புட்டேன். அவ கதவைச் சாத்துனவதான், இன்னும் திறக்கலை. அதுக்கப்புறமும் அவுக விடலையே! நான் கோயிலுக்குப் போற நேரம் பாத்து ஊத்தியிருக்காக. நான் வந்து பாத்தா மண்ணு ஈரமா இருக்கும். எனக்கு வயிறு எரியும் பாரு, அந்த ஈரத்தைப் பாத்து.

பாத்து, பாத்து, அந்த ஃபிரிட்ஜை இழுக்காத. அது அவுக வாங்குனது. பழசுதான், ஆனா இப்ப வர்ற தகரமெல்லாம் அது கால் தூசுக்கு வராது. பின்னாடி எலிப்புழுக்கை கிடக்கும், கண்டுக்காத.

அவுக போனதும் தண்ணி ஊத்துறதும் நின்னுபோச்சு. போன தை மாசம் அந்த மூலையில துளசி மாடம் வைக்கலாம்னு ஆளை விட்டுத் தோண்டச் சொன்னேன். கடப்பாரை ரெண்டு குத்துதான் குத்தியிருப்பான். மண்ணுக்குள்ள ஒரு சிமிட்டிப் பலகை. அதைப் புரட்டுனா, ஆத்தாடி! கரி. மண்ணெல்லாம் கருப்பா, அடுப்புக்கரி கட்டி கட்டியா. கரிக்கு நடுவுல உப்பு. உப்புக்கு நடுவுல ஒரு இரும்புக் குழாய் நெட்டுக்குத்தா இறங்குது. குழாய் கழுத்துல செம்புக் கம்பியைச் சுத்தி முறுக்கியிருக்கு. அந்தக் கம்பி எங்க போகுதுன்னு நினைக்கிற? மண்ணுக்குள்ளயே ஓடி, எங்க வீட்டுச் சுவத்துக்குள்ள போகுது! வேற யாரு வீட்டுக்குள்ளயும் இல்ல, எங்க வீட்டுக்குள்ள!

எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. செய்வினை. உப்பு, கரி, கம்பி. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

என்ன தாயி, கையில இருந்ததைக் கீழ போட்டுட்ட? பயந்துட்டியா? எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. நீ வேதக்காரப் பொண்ணு, உங்க ஆளுகளுக்கு இதெல்லாம் பலிக்காதும்பாக. ஒரு செபத்தைச் சொல்லிட்டு உக்காரு, மிச்சத்தையும் கேளு.

ஆத்தூர்ப் பக்கத்துல இருந்து ஒரு கோடாங்கியைக் கூட்டிட்டு வந்தேன். உடுக்கையை ரெண்டு அடி அடிச்சதுமே சொல்லிப்புட்டாரு. உப்பு குடும்பத்தைக் கரைக்கவாம். கரி வம்சத்தைக் கருக்கவாம். கம்பி இந்த வீட்டு ஆம்பளையைக் கட்டி இழுக்கவாம். "வச்சது யாருன்னு சாமி சொல்லாது, ஆனா அது சுவரு ஓரத்து ஆளு"ன்னாரு. சுவரு ஓரத்துல யாரு இருக்கா? எனக்கு அப்பத்தான் எல்லாம் விளங்குச்சு. வச்சதும் வச்சுட்டு, வச்ச மருந்து காஞ்சு போகாம இருக்க என் புருசன் கையாலயே தண்ணி ஊத்த வச்சிருக்கா பாரு! வசியம் இல்லாம வேற என்ன? "இதுக்குத் தாகம் எடுத்தா நமக்கு ஆகாது"ன்னு அவுக வாயாலயே பேச வச்சிருக்கா. பாவம் அந்த மனுசன். தெரியாம அவுகளை என்னென்னமோ பேசிப்புட்டேனேன்னு அன்னைக்கு அழுதேன்.

கோடாங்கி எலுமிச்சம்பழத்தை அறுத்து, கம்பியை நறுக்குன்னு வெட்டிவிட்டாரு. குழாயைப் பிடுங்கி, உப்பையும் கரியையும் சிவப்புத் துணியில கட்டிக் கொண்டு போயி ஆத்துல விட்டுட்டாரு. கம்பி மட்டும் நம்ம கையில படக்கூடாதுன்னு அவரே சுருட்டிப் பையில வச்சுக்கிட்டாரு. எவ்வளவு நல்ல மனுசன் பாரு, அந்தப் பாவத்தைத் தானே சுமந்துக்கிட்டுப் போனாரு. வீட்டு ஆம்பளைக்குச் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு, அதனால கதிரேசனுக்கு இன்னைய வரைக்கும் தெரியாது. உங்கிட்டத்தான் முதல்ல சொல்றேன். நீ பொம்பளை, சொல்லலாம்.

அதோட விட்டுச்சான்னு கேளு. விடலை. பங்குனியில ஆரம்பிச்சுச்சு. மேகலா ஃபிரிட்ஜைத் தொட்டா, டப்புன்னு வீடே இருட்டாகும். மெயின் போர்டுல ஒரு டப்பா இருந்துச்சு, தானா விழுகுற டப்பா, அது விழுந்துரும். தூக்கிவிட்டா எரியும். மறுபடி அவ வாஷிங் மெஷினைத் தொட்டா, டப்பு. நான் தொட்டா ஒண்ணுமில்ல. நான் நாள் பூரா திறக்குறேன், மூடுறேன், ஒண்ணுமே ஆகலை. அவ கை பட்டாத்தான் போகுது. நீயே சொல்லு, இதுக்கு என்ன அர்த்தம்? வெட்டுன வினையோட மிச்சம் அவ மேல ஏறியிருக்குன்னு அர்த்தம். இல்லைன்னா அவளே அந்தப் பக்கத்து ஆளு. ரெண்டு மூணு தடவை சுவரு ஓரமா நின்னு சிந்தாமணியோட சிரிச்சுப் பேசுனதை நான் கண்ணால பாத்தேன்.

வீரணனைக் கூப்பிட்டேன். அவன் பாத்துட்டு, "இந்த டப்பாதான் சும்மா சும்மா விழுகுது, வயசாயிருச்சு போல"ன்னு அதைக் கழட்டித் தூரப் போட்டுட்டு நேராக் கம்பியை இழுத்துக் குடுத்துட்டான். அதுல இருந்து ஒரு தடவை கரண்டு போயிருக்கும்கிற? போகலை. அவன் கெட்டிக்காரன்.

என்னத்துக்கு இப்ப நெத்தியில கையை வைக்கிற?

கேளு. அதுக்கப்புறந்தான் இவ புதுசா ஒண்ணை ஆரம்பிச்சா. ஷாக் அடிக்குது அத்தை, ஷாக் அடிக்குது அத்தை. முதல்ல ஃபிரிட்ஜுன்னா. அப்புறம் கிரைண்டருன்னா. அப்புறம் மெஷினுன்னா. ஒரு சாமானைப் பிடிச்சது எல்லாச் சாமானுக்கும் பரவுமா, அம்மை வாத்த மாதிரி? அதுலயும் மெஷினு ஓடவே இல்ல. பிளக்கு சொருகியிருக்கு, சுவிட்சு போடலை. சுவிட்சு போடாத மெஷினு அடிக்குதுங்கிறா! பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும். எனக்கு ஒரு நாளு, ஒரு பொழுது, சுருக்குன்னு ஒரு கடி எறும்பு கடிச்ச அளவுக்குக்கூட அடிச்சது கிடையாது. ஒரே வீடு, ஒரே கரண்டு, மாமியாளுக்கு அடிக்காது, மருமகளுக்கு மட்டும் அடிக்குமா?

ஒரு நாளு கடைக்குப் போயி ரப்பர் செருப்பு வாங்கிட்டு வந்து அடுப்படியில போட்டுக்கிட்டு நிக்கிறா. எனக்கு வந்துச்சே கோவம். சாமி ரூமுக்கு எதுத்தாப்புல! பிடுங்கி வெளிய எறிஞ்சேன். "நீங்க போடுறீங்களே அத்தை"ங்கிறா. எனக்கு வாதம், உனக்கு என்னடி வாதம், பிடிவாதம்னு கேட்டேன். அதுல இருந்து ஒரு கட்டையில ஏறி நின்னுதான் கிரைண்டரைத் தொடுவா. என்னைக் கேலி பண்றதுக்கே.

அப்புறம் அன்னைக்கு நடந்தது. நான் வீடு கழுவி விட்டிருந்தேன், தரை ஈரம். இனியா தவழ்ந்து எந்திரிச்சு நடக்குற புள்ள, ஃபிரிட்ஜுல ஒட்டியிருக்குற பொம்மையைப் பிடிக்கப் போச்சு. ஒரு சத்தம்தான் குடுத்துச்சு. அப்புறம் சத்தமே இல்ல. கையி ஃபிரிட்ஜோட ஒட்டிக்கிட்டு, கண்ணு மேல சொருகி... மேகலா எங்க இருந்துதான் வந்தாளோ, துண்டைப் போட்டுச் சுத்தி இழுத்து வெளிய கொண்டாந்தா. நான் என்ன கண்டேன்? புள்ளைக்கு வலிப்புன்னு நினைச்சேன். அப்புறம் யோசிச்சேன். இவளே கிள்ளிவிட்டுட்டு நாடகம் ஆடுறாளோன்னு யோசிச்சேன். யோசிச்சதோட நிக்காம வாய் விட்டும் கேட்டுட்டேன். அவ என்னை ஒரு பார்வை பாத்தா. கட்டுன புடவையோட புள்ளையைத் தூக்கிக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டா.

அதான் நடந்தது. இப்ப சொல்லு, கம்பியில என்ன குத்தம் இருக்கு?

என்ன, என் காலையே பாத்துக்கிட்டு நிக்கிற? செருப்பா? இதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? ஓ, நீயும் அவ கட்சிதானா! நினைச்சேன். நான் மட்டும் செருப்பு போடுறதாலதான் எனக்குத் தெரியலைங்கிற. அவ்வளவுதானே? சரி, இந்தா, உன் கண்ணு முன்னாடியே கழட்டுறேன். தரையும் இப்பத்தான் துடைச்சேன், ஈரம் காயலை. வெறுங்காலோட போயி அவ தொட்ட ஃபிரிட்ஜை நானும் தொட்டுக் காட்டுறேன். பொய் யாரு பொய்யின்னு...

விடு! கையை விடு தாயி! வலிக்குது. வயசான பொம்பளையை இப்படியா இழுப்பாக? என்னத்தக் கத்துற?

என்ன அது? ஊசி மாதிரி... டெஸ்டரா. அது ஏன் எரியுது? நீ ஃபிரிட்ஜைத்தானே தொட்ட, வெறும் கதவைத்தானே தொட்ட? கதவுல எப்படிக் கரண்டு வரும்? மெஷினைத் தொடு பாப்போம். அதுலயும் எரியுது. அதுக்குச் சுவிட்சே போடலையே! கிரைண்டரு? அய்யோ. இரு, இரு. ஃபிரிட்ஜு பிளக்கை ஏன் பிடுங்குற? பிடுங்கிட்டு... இப்ப மெஷினுல எரியலை. கிரைண்டருலயும் எரியலை. கோடாங்கி வந்து உடுக்கையடிச்சும் போகாதது, பிளக்கைப் பிடுங்குனதும் போயிருச்சா?

மெதுவாச் சொல்லு. எனக்குப் புரியிற மாதிரி சொல்லு. எலி கடிச்சு ஃபிரிட்ஜு வயரு பல்லை இளிச்சுக்கிட்டுக் கிடக்கு. சரி. அந்தக் கரண்டு ஃபிரிட்ஜு உடம்புக்கு வந்துருச்சு. எல்லாச் சாமானோட உடம்புக்கும் ஒரு பொதுக் கம்பி ஓடுது, சுவிட்சை அணைச்சாலும் அது அணையாது. அது வழியா எல்லாத்துக்கும் பரவிருச்சு. சரி. அந்தக் கம்பி அதைக் கொண்டு போயி எங்க விடணும்? மண்ணுக்குள்ள. மண்ணுக்குள்ள எங்க?

எங்க தாயி?

உப்பும் கரியும் போட்ட குழியிலயா.

பொய். நீ பொய் சொல்ற. கரண்டுக்கும் உப்புக்கும் என்ன உறவு? யாராவது கரண்டுக்கு உப்புப் போடுவாகளா? இரு, எங்க போற? சுவரை எட்டி என்னத்தப் பாக்குற? அங்கயா? சிந்தாமணி வீட்டுலயா? சுவருக்கு அங்கிட்டும் அதே மாதிரி பலகை இருக்கா? குழாய் தலை தெரியுதா, கம்பியும் சுவத்துக்குள்ள போகுதா? அப்ப அவ வீட்டுக்கு வச்சது யாரு? நான் வைக்கலையே!

கட்டுறப்பவே வச்சதா. ரெண்டு வீட்டுக்கும் ஒரே ஆளு வச்சதா.

அவுகதான். வேற யாரு. மில்லுல பாத்த வேலை அது. அந்தக் கொத்தனாரோட நாள் பூரா அந்த மூலையில குனிஞ்சுக்கிட்டு நின்னாக, நான் சோறு கொண்டாந்து வச்சது ஆறிப்போச்சு. ஞாபகம் இருக்கு.

அப்ப அந்தத் தண்ணி? வாளித் தண்ணி? கோடையில மண்ணு காஞ்சா அது வேலை செய்யாதா? ஈரமா இருக்கணுமா? அதான் ஊத்துனாகளா? அதுக்குத் தாகம் எடுத்தா நமக்கு ஆகாது... நமக்குன்னாகளே. எனக்கும் புள்ளைக்கும்னு சொன்னாகளே. நான் கோயிலுக்குப் போற நேரம் பாத்து, ஒரு திருடன் மாதிரி, என் வாய்க்குப் பயந்துக்கிட்டு... யய்யா, உங்களையா நான் அந்தப் பேச்சுப் பேசுனேன்!

தண்ணியெல்லாம் வேண்டாம். நான் நல்லாத்தான் இருக்கேன். ஏன் இந்த மனுசன் ஒரு வார்த்தை விளக்கமாச் சொல்லியிருக்கக் கூடாது? நான் என்ன கேக்க மாட்டேன்னா சொன்னேன்? சொன்னா நம்புற ஆளுதானே நான்.

அந்த டப்பாவும் இருந்திருக்கணுமா. அது விழுந்ததே மேகலாவைக் காப்பாத்தத்தானா. வீரணனைச் செருப்பாலயே அடிக்கணும். சரி, சரி, அவனைக் கூப்பிட்டது நான்தான், நீ சொல்ல வேண்டாம். புள்ள கையி ஃபிரிட்ஜுல ஒட்டுனப்ப... மேகலா மட்டும் துண்டை எடுக்கலைன்னா? சும்மா கையால இழுத்திருந்தா ரெண்டும் போயிருக்குமா? தாயும் புள்ளையும் சேந்து? நான் சாமி ரூமுல சூடம் காட்டிக்கிட்டு நின்னேன் தாயி. கிள்ளிவிட்டியாடின்னு கேட்டேன் தாயி. நத்தத்துல அவளைப் பெத்தவ எவ்வளவு பதறியிருப்பா!

இப்ப என்ன செய்யணும்? மறுபடி அதே மாதிரி உப்பும் கரியுமா போடணும்? அதே மூலையிலயா? துளசியைத் தள்ளி வச்சுக்கிறேன், துளசி கோவிச்சுக்காது. பழைய முறைதான் வேணும்னு இல்லையா, புதுசா வேற மாதிரியும் வந்திருக்கா? எதுன்னாலும் நீயே போடு. இன்னைக்கே முடியாதா? நாளைக்கு ஆளைக் கூட்டிட்டு வந்துதானா? புது டப்பாவும் வாங்கணும், ஃபிரிட்ஜைத் தொடவே கூடாது, மெயினை அணைச்சு வச்சிரணும். அணை. ஃபேன் இல்லாட்டா செத்தா போயிருவேன்?

சிந்தாமணிகிட்ட மட்டும் இதைச் சொல்லிராத. அவகிட்ட நான் பாத்துப் பேசிக்கிறேன். அவ குழிக்கும் இந்தக் கோடையில யாரும் தண்ணி ஊத்தியிருக்க மாட்டாக. அவளுக்கு யாரு இருக்கா ஊத்த?

மணி என்ன? அய்யய்யோ. மேகலா கிளம்பியிருப்பாளே! பஸ்ஸு வந்துச்சுன்னா நேரா வந்து கதவைத் திறந்து, புள்ளையை இறக்கிவிட்டுட்டு... அது ஃபிரிட்ஜு பொம்மையைத்தான் முதல்ல தேடும். மெயினை அணைச்சாலும் எனக்கு நம்பிக்கை இல்ல தாயி, நீ குழியைப் போட்டு, உன் டெஸ்டரை வச்சு, எரியலைன்னு என் கண்ணுல காட்டணும். அந்த போனை எடு. அந்தா டிவி மேல. பேரைத் தேடு, எனக்குக் கண்ணு மங்குது. மேகலான்னு இருக்காது, 'மருமக'ன்னு போட்டிருப்பேன்.

அலோ. மேகலா? நான்தாண்டி. எங்க இருக்க? பஸ் ஸ்டாண்டா? ஏறிட்டியா? இறங்கு. இறங்குன்னா இறங்கு. வராத. ஆமா, திதிதான். நாளைக்குத்தான். நீ வர வேண்டாம், புள்ளையையும் கொண்டு வராத. நான் சொல்ற வரைக்கும் இந்த வாசப்படியை மிதிக்காத.

இல்லடி. அய்யோ, இல்லடி, நான் விரட்டலை! கோவத்துல சொல்லலை. யாரும் எதுவும் ஓதலை எனக்கு. நீ சொன்னது நிசம்டி, நீ சொன்னது எல்லாம்... அழாத. இல்ல, உன் சாமானை அனுப்பிவிடலை. மேகலா, கேளு, நான் நல்லதுக்குத்தாண்டி...

இந்தா தாயி, நீ வாங்கு போனை. நீ சொல்லு. நான் சொன்னா அவ நம்ப மாட்டா.